இலையும் விவரமும்: ஆய்வுக்குத் தாவரம் பறித்து உலர்த்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவரவியல் மாணவர்கள், சித்த மருத்துவ ஆய்வாளர்கள், ஊர்ச் செடிகளை ஆவணப்படுத்த விரும்பும் ஆசிரியர்கள், இயற்கை ஆர்வலர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டுச் செடிகளையும் இங்குள்ள வெயிலையும் ஈரத்தையும் மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்த இலையை ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா?

அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆய்வுக்கு அது பெரும்பாலும் உதவாது. தனி இலை ஒன்றைப் பார்த்து இனத்தை உறுதியாகச் சொல்ல முடிகிற செடிகள் சில உண்டு. பெரும்பாலானவற்றுக்குப் பூ, காய், இலையடிச் செதில், தண்டில் இலை அமைந்திருக்கும் முறை எல்லாம் தேவை. அதைவிட முக்கியம், அந்த இலை எங்கே, எப்போது, யார் பறித்தது என்ற விவரம். அது இல்லாவிட்டால் எவ்வளவு நேர்த்தியாக உலர்த்திய மாதிரியாக இருந்தாலும் எந்த ஹெர்பேரியமும் (உலர்ந்த தாவர மாதிரிகளைப் பாதுகாத்து வைக்கும் இடம்) வாங்கி வைக்காது.

அப்படியானால் எதைப் பறிக்க வேண்டும்?

சிறு பூண்டு என்றால் வேரோடு முழுச் செடி. தும்பை, குப்பைமேனி போன்றவற்றைக் களைக்கொத்தியால் சுற்றிலும் கிளறி, வேர் அறாமல் எடுத்து, மண்ணை உதறிவிட வேண்டும். மரம், புதர் என்றால் பூவோ காயோ இருக்கும் கிளையில் 30 முதல் 40 சென்டிமீட்டர் நுனி. உயரமான மரத்துக்கு முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியே போதும்.

இங்கே பலர் தடுமாறும் இடம் கூட்டிலை. வேம்பில் நாம் "இலை" என்று கிள்ளுவது பெரும்பாலும் சிற்றிலையைத்தான். முழு இலை என்பது அந்தக் காம்பும் அதிலுள்ள அத்தனை சிற்றிலைகளும் சேர்ந்தது. முருங்கையில் ஒரே இலை இரண்டு மூன்று முறை கிளைத்து அரை மீட்டர் வரைகூடப் போகும். எது இலை என்று தெரியாவிட்டால் மொட்டைத் தேடுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் இருக்காது. மொட்டு தெரியும்படி தண்டின் ஒரு துண்டும் மாதிரியில் இருக்க வேண்டும்.

புல்லையும் கோரையையும் கிழங்கு அல்லது வேர்த்தண்டோடு எடுக்க வேண்டும். பெரணி என்றால் இலையின் அடியில் வித்துக்கூடுகள் வந்திருக்க வேண்டும். மூங்கிலில் இளந்தண்டைச் சுற்றியிருக்கும் உறை இல்லாவிட்டால் இனம் சொல்வது பெரும்பாடு. பெரியதும் சிறியதும், இளசும் முற்றியதும் கலந்து எடுங்கள். நன்றாக இருக்கும் இலையை மட்டும் பொறுக்கி எடுத்தால் அந்தச் செடி உண்மையில் எப்படி வேறுபடுகிறது என்பது மறைந்துவிடும். பூச்சி கடித்த இலை இருந்தால் அதுவும் இருக்கட்டும்.

பூவில்லாத காலத்தில் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டுமா?

வேண்டியதில்லை. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது; அண்மையில் 2006இலும் 2018இலும் பூத்தது. இடைப்பட்ட காலத்தில் அது ஓரிடத்தில் இருக்கிறது என்று பதிய வேண்டுமானால் இலைக்கிளைதான் கிடைக்கும். காட்டு மரங்களைக் கணக்கெடுப்பவர்களும் பூவில்லாத மாதிரிகளை எடுக்கிறார்கள். "பூவில்லை, காயில்லை" என்று குறிப்பில் எழுதிவிட்டு, அதே மரத்துக்குப் பருவத்தில் திரும்பிப் போக வழி செய்துகொள்ளுங்கள்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

உங்கள் தோட்டத்தில் எடுக்க யாரும் தடை சொல்லப்போவதில்லை. பிறர் நிலம் என்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி. சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் வரை விண்ணப்பம் போக வேண்டும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவு, அட்டவணையில் குறிப்பிட்ட தாவரங்களைக் காட்டிலிருந்து பறிப்பதையும் பிடுங்குவதையும் தடைசெய்கிறது. கல்வி, ஆய்வு, ஹெர்பேரியத்தில் பாதுகாத்தல் ஆகிய நோக்கங்களுக்கு 17பி பிரிவின் கீழ் அனுமதி பெற வழி உண்டு. விண்ணப்பத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே ஆய்வுத் திட்டத்தின் முதல் வேலையாக அதை வையுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகல் பையில் இருக்கட்டும். அதன் எண்ணை மாதிரியின் சீட்டிலும் எழுதுங்கள்.

ஓரிடத்தில் மூன்று நான்கு செடிகளே இருந்தால்?

பறிக்காதீர்கள். கண்ணுக்கு 20 செடிகள் தெரிந்தால் ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை என்பது களத்தில் பரவலாகப் பின்பற்றும் அளவு. அதற்கும் குறைவாக இருந்தால் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மரமாக இருந்தால் சிறு கிளையோடு நிறுத்துங்கள். ஆர்க்கிட் போன்றவற்றில் கிழங்கைத் தொடாமல் ஒரே ஒரு பூவைச் சாராயக் (எத்தனால்) கரைசலில் போட்டு வைத்தாலே பெரும்பாலும் போதும். அரிய செடியின் சரியான இடத்தைச் சமூக ஊடகத்தில் போடவே போடாதீர்கள். விற்பதற்காகப் பிடுங்குகிறவர்களும் அதைப் படிக்கிறார்கள்.

குறிப்பேட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். விதி எளிது: காய்ந்த பிறகு எது தெரியாமல் போகுமோ, அதைச் செடி உயிரோடு இருக்கும்போதே எழுத வேண்டும்.

பூவின் நிறம் மங்கும், மாறும், கருகும். ஆகவே நிறத்தை அங்கேயே எழுதுங்கள். "ஊதா" என்று மட்டும் எழுதாமல் இதழ் என்ன நிறம், உள்ளே தொண்டை என்ன நிறம், மகரந்தப்பை என்ன நிறம் என்று பிரித்து எழுதுங்கள். மணம் போய்விடும், இலையைக் கசக்கி மோந்து பார்த்து எழுதுங்கள். கிளையை ஒடித்தால் பால் வருகிறதா, வந்தால் வெள்ளையா மஞ்சளா, காற்றுப் பட்டதும் நிறம் மாறுகிறதா? மரத்தின் உயரம், அடிமரச் சுற்றளவு, பட்டை வழவழப்பா வெடிப்பா, உரிந்து விழுகிறதா? 40 சென்டிமீட்டர் கிளையைப் பார்த்து இவற்றில் எதையும் யாரும் சொல்ல முடியாது. கொடியா, நிமிர்ந்து நிற்கும் புதரா என்பதுகூடத் தாளில் தெரியாது.

அடுத்தது இடம். கைபேசியில் ஜிபிஎஸ் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவற்றை மட்டும் நம்பாதீர்கள். ஓர் இலக்கம் தவறினால் செடி கடலுக்குள் போய்விடும். மாவட்டம், வட்டம், ஊர், ஊரிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம், ஏரிக்கரையா வரப்பா பாறை இடுக்கா, மண் செம்மண்ணா கரிசலா, கடல் மட்டத்திலிருந்து உயரம், கூட என்ன செடிகள் நிற்கின்றன என்று சொற்களாலும் எழுதுங்கள். மாவட்டங்கள் பிரிகின்றன, ஊர்ப் பெயர்கள் மாறுகின்றன. பழைய தாள்களில் "டிராங்குபார்" என்றிருப்பது தரங்கம்பாடி என்று இன்று தேடிப் புரிந்துகொள்கிறோம்.

தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 04-05-2024 என்பது ஒரு நாட்டில் மே மாதம், இன்னொரு நாட்டில் ஏப்ரல்.

ஊர்ப்பெயரையும் பயன்பாட்டையும் ஆடு மேய்ப்பவர், வைத்தியர், காணி, இருளர், தோடர் போன்ற பழங்குடி மக்கள் சொன்னால், எந்த ஊரில் எந்தச் சமூகத்தவர் சொன்னது என்றும் எழுதுங்கள். அவர்களுடைய பெயரையோ மருந்துச் செய்முறையையோ வெளியிடுவதற்கு முன் அவர்களின் இசைவு வேண்டும். அது அவர்களுடைய அறிவு.

பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மழையில் கரையும், சாராயம் பட்டாலும் கரையும்.

சேகரிப்பு எண் என்பது என்ன?

முதல் மாதிரிக்கு 1 என்று தொடங்கி வாழ்நாள் முழுதும் ஏறிக்கொண்டே போகும் எண். ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மறுபடி 1லிருந்து தொடங்கக் கூடாது. செடியில் கட்டும் அட்டை, குறிப்பேடு, செய்தித்தாள் மடிப்பு, படக் கோப்பு, டிஎன்ஏ ஆய்வுக்கு இலைத் துண்டு இடும் சிலிக்கா உறை எல்லாவற்றிலும் இதே எண் இருக்க வேண்டும். ஒரே மரத்தில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு கிளைகள் எடுத்தால் அத்தனைக்கும் ஒரே எண். ஒன்றை நீங்கள் படித்த கல்லூரியிலும் மற்றதை வேறு நிறுவனங்களிலும் வைக்கலாம்; ஓரிடத்தில் தீயோ வெள்ளமோ வந்தாலும் மாதிரி பிழைக்கும்.

அழுத்துவதை முறையாகச் செய்வது எப்படி?

இரண்டு மரச்சட்டப் பலகைகள், சுமார் 45க்கு 30 சென்டிமீட்டர். இடையில் அட்டைப்பெட்டி அட்டைகள், உறிஞ்சுதாள், பழைய செய்தித்தாள். இறுக்கிக் கட்ட இரண்டு வார் அல்லது கயிறு. வழவழப்பான இணைப்பிதழ்த் தாள் ஈரத்தை உறிஞ்சாது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

பறித்த இடத்திலேயே அழுத்துவது நல்லது. முடியாவிட்டால் பாலித்தீன் பையில் காற்று அடைத்துக் கட்டி, நிழலில் வைத்து, அன்று மாலைக்குள் அழுத்திவிட வேண்டும். தொட்டாற்சிணுங்கி போன்றவற்றுக்கு மாலை என்பது தாமதம்.

தாள் மடிப்புக்குள் செடியை விரிக்கும்போது ஓர் இலையையாவது திருப்பிப் போடுங்கள், அடிப்பக்கம் மேலே தெரியட்டும். மயிர், சுரப்பி, நரம்பமைப்பு எல்லாம் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். காய்ந்து ஒட்டிய பின் யாராலும் திருப்ப முடியாது. செடி நீளமாக இருந்தால் வெட்டாமல் 'வி' அல்லது 'என்' வடிவில் மடியுங்கள். இலைகள் மிக நெருக்கமாக இருந்தால் சிலவற்றை நறுக்கலாம், ஆனால் காம்பின் அடியை விட்டுவிடுங்கள். அங்கே ஓர் இலை இருந்தது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். சில பூக்களைப் பிளந்து உட்பக்கம் தெரிய வையுங்கள்.

முதல் 24 மணி நேரத்தில் செடி நீரை விட்டு வாடித் துவளும். மறுநாள் பிரித்துத் தாளை மாற்றும் அந்த நேரம்தான் மிக முக்கியமானது. முந்தைய நாள் முறைத்துக்கொண்டிருந்த இலை இப்போது சொன்னபடி கேட்கும். மடங்கியதை நீவி, ஒன்றன்மேல் ஒன்று ஏறியதை விலக்கி, பூவைச் சரிசெய்யலாம். அதன்பின் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் தாள் மாற்றினால், வேனிலில் ஒரு வாரம் பத்து நாளில் காய்ந்துவிடும். கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. தூக்கிப் பிடித்தால் தொங்காமல் விறைத்து நிற்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாளே காயவில்லை. என்ன செய்வது?

மரப்பெட்டி ஒன்றின் அடியில் சூடு தரும் பழைய குண்டு பல்புகளைப் பொருத்தி, மேலே பிரஸை, அதாவது செடிகளோடு இறுக்கிக் கட்டிய பலகைக் கட்டை, செங்குத்தாக நிறுத்துங்கள். அட்டைகளின் நெளிவுக் குழாய்கள் மேலும் கீழுமாக இருந்தால் வெப்பக் காற்று ஊடே ஏறிப்போகும். 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் போதும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, அதில் சூடில்லை. தாள் பக்கத்தில் பல்பு இருப்பதால் தீ பிடிக்க வாய்ப்பு உண்டு. யாரும் இல்லாத அறையில் இரவு முழுதும் எரியவிடாதீர்கள்.

மின்சாரமே இல்லாத மழைக்காட்டில் பல நாள் தங்குகிறவர்கள் செய்தித்தாள் கட்டுகளைச் சாராயத்தில் நனைத்து, பாலித்தீனில் காற்றுப் புகாமல் அடைத்துக் கொண்டுவந்து பிறகு உலர்த்துவார்கள். செடி அழுகாது. ஆனால் நிறம் போகும், டிஎன்ஏவும் சிதையும். வேறு வழி இல்லாதபோது மட்டும்.

இஸ்திரிப் பெட்டி, மைக்ரோவேவ்?

பள்ளிக் கண்காட்சிக்குச் செய்யலாம். ஆய்வு மாதிரிக்கு வேண்டாம். இலை நொறுங்கும், திசு வெந்துபோகும்.

எருக்கு, கள்ளி, நீர்ச்செடி, பனை போன்றவற்றை எப்படி அழுத்துவது?

சதைப்பற்றுள்ள செடி அழுத்திய பிறகும் சாகாது. தாளுக்குள்ளேயே வாரக்கணக்கில் உயிரோடிருந்து, இலைகளை உதிர்த்துவிடும். எருக்குக் கிளையையும் திருகுகள்ளியையும் கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்து, துடைத்து அழுத்துங்கள்; பூவை முக்காதீர்கள். எருக்கம்பால் கண்ணில் படாமல் கவனம். சப்பாத்திக்கள்ளியை நெடுக்காகப் பிளந்து உட்சதையைச் சுரண்டிவிட்டுத் தோலை அழுத்த வேண்டும். கிழங்கையும் பெரிய காயையும் அதேபோல் பிளந்தோ வில்லையாக நறுக்கியோ வைக்கலாம்.

வேலம்பாசி போன்ற மெல்லிய நீர்ச்செடியை வெளியே தூக்கினால் ஒட்டிச் சுருண்டுவிடும். தட்டில் தண்ணீர் ஊற்றி, செடியை மிதக்கவிட்டு, அடியில் கெட்டித் தாளை நுழைத்து மெல்லத் தூக்கினால் நீரில் இருந்த வடிவிலேயே தாளில் படியும்.

பனையோலை, வாழையிலை போன்றவற்றை முழுதாக அழுத்த முடியாது. அடி, நடு, நுனி என்று மூன்று துண்டுகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தப் பகுதி என்று எழுதி, முழு நீள அகலத்தை அளந்து குறித்து, அளவுகோலோடு படம் எடுங்கள். மட்டையின் அடியையும் மறக்காதீர்கள். நேரம் எடுக்கும் வேலை இது. அதனாலேயே பனை வகைகளுக்கு நல்ல மாதிரிகள் எங்கும் குறைவு.

டிஎன்ஏ ஆய்வுக்குத் தனியாக எடுக்க வேண்டுமா?

ஆம், அழுத்துவதற்கு முன்பே. இளம் இலையில் சில சதுர சென்டிமீட்டர் கிள்ளி, தேநீர்ப் பை போன்ற மெல்லிய உறையில் இட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் புதையுங்கள். இலையின் எடையைப்போல் பத்து மடங்கு ஜெல் இருக்கட்டும். ஒரே நாளில் மொறுமொறுவென்று காய வேண்டும். நிறம் மாறும் மணிகள் சில கலந்திருந்தால் ஜெல் ஈரமாகிவிட்டதா என்று தெரியும்.

மூலிகை ஆய்வு செய்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சரக்குக்கு, அது இன்ன செடிதான் என்ற சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்கக் கூடாது. கீழாநெல்லியையே பாருங்கள். அந்தப் பெயரில் ஃபில்லாந்தஸ் பேரினத்தின் பல இனங்கள் விற்கப்படுகின்றன. காய்ந்து நொறுங்கிய நிலையில் அவை கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். இந்திய ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் "ஃபில்லாந்தஸ் நிருரி" என்ற பெயர் இருக்கிறது. அந்த இனம் அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது, இந்தியாவில் இயற்கையாக வளர்வதில்லை. நம் வயலோரங்களில் இருப்பது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ். ஆய்வு செய்த செடிக்குச் சான்றாக ஹெர்பேரியத்தில் மாதிரி வைக்காத கட்டுரையில் எந்தச் செடியின் சாற்றைச் சோதித்தார்கள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு அப்படிப் போவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

செடியை நீங்களே களத்தில் எடுங்கள். சாற்றுக்கு எடுத்த அதே கூட்டத்திலிருந்து பூ, காயோடு ஒரு மாதிரியை அழுத்தி, அங்கீகாரம் பெற்ற ஹெர்பேரியத்தில் கொடுத்து, அதன் பதிவு எண்ணைக் கட்டுரையில் எழுதுங்கள்.

தாளில் ஒட்டுவது எப்படி?

இந்தியாவில் வழக்கமான அளவு 42க்கு 28 சென்டிமீட்டர், கெட்டியான, அமிலமற்ற தாள். வெள்ளைப் பசையால் ஒட்டலாம். தடித்த தண்டை நூலால் தைக்க வேண்டும். செல்லோடேப் வேண்டாம், சில ஆண்டுகளில் பழுத்து உரியும். விவரச்சீட்டு கீழே வலது மூலையில். உதிர்ந்த விதை, பூவைப் போட ஒரு சிறு காகித உறை. எல்லா மாதிரியையும் தாளின் நடுவிலேயே ஒட்டினால் அடுக்கு நடுவில் புடைக்கும்; கொஞ்சம் இடம் மாற்றி ஒட்டுங்கள்.

பூச்சி அரிக்காமல் காப்பது?

சிகரெட் வண்டு என்று சொல்லும் சிறு பழுப்பு வண்டுதான் முதல் எதிரி. பூவையும் விதையையும்தான் முதலில் தின்னும். மாதிரிகளைப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 முதல் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். அறையின் வெப்பத்துக்கு வந்தபின் பிரித்தால்தான் நீர் கோக்காது. வசம்பு, வேப்பிலை போட்டு வைப்பதைப் பலர் கேட்கிறார்கள். சுவடிகளுக்கு அது பழைய வழக்கம். ஆனால் தாவர மாதிரிகளோடு இன்னொரு தாவரத்தின் தூளைக் கலப்பது நல்லதல்ல.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பழைய கல்லூரித் தொகுப்புகளில் பாதரசக் குளோரைடு தடவிய தாள்கள் இருக்கும். அது கொடிய விஷம். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் பிரியுங்கள், கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். புதிய மாதிரிகளுக்கு அதைத் தடவச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கைபேசியில் படம் எடுத்தால் போதாதா?

படம் நல்ல துணை. ஆனால் படத்தில் இல்லாததைப் பிறகு யாரும் போய்த் தேட முடியாது. 1987இல் வுட்வர்ட் என்ற ஆய்வாளர், 200 ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த உலர்ந்த இலைகளில் இலைத்துளைகளை (இலை காற்றை உள்வாங்கும் நுண்துளைகள்) எண்ணினார். காற்றில் கரியமில வாயு கூடக்கூடத் துளைகளின் அடர்த்தி சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. அயர்லாந்தில் 1840களில் பஞ்சத்தைக் கொண்டுவந்த உருளைக்கிழங்கு நோய்க்கிருமியின் வகையை, அக்காலத்து உலர்ந்த இலைகளிலிருந்து டிஎன்ஏ எடுத்து 2013இல் கண்டறிந்தார்கள். அந்த இலைகளைப் பறித்தவர்களுக்கு டிஎன்ஏ என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

புதிய இனங்களும் அலமாரிகளில் காத்திருக்கின்றன. புதிதாக விவரிக்கப்படும் பூக்கும் தாவரங்களில் சுமார் கால்வாசிக்கு, மாதிரி பறித்து 50 ஆண்டுக்கு மேல் ஆன பிறகே பெயர் கிடைத்திருக்கிறது என்று 2010இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

நம் பக்கத்தில் இந்த வேலைக்கு நீண்ட மரபு உண்டு. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த போதகர் ரோட்லர் இங்கே சேகரித்த செடிகளை இலண்டன் கியூ தோட்டத்தில் இன்றும் பார்க்கலாம். தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்த ரோட்லரும் அவரே. மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட்டின் நூல்களுக்கு ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்கள் செடிகளை வரைந்தார்கள். திருச்சியில் அருட்தந்தை கே. எம். மேத்யூ ராபினாட் ஹெர்பேரியத்தை உருவாக்கி, மாணவர்களையும் உதவியாளர்களையும் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுத் தாவரங்களைப் புதிதாகச் சேகரித்துப் பெருநூலாகத் தந்தார்.

எங்கள் கல்லூரியில் ஆளுக்கு இத்தனை தாள் என்று கட்டாயம் வைத்திருக்கிறார்கள். சரியா?

இதில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போட்டால், வளாகத்துச் செடிகளையே ஆண்டுதோறும் எல்லாரும் மொட்டையடிப்பார்கள். தாள்கள் தேர்வு முடிந்ததும் குப்பைக்குப் போகும். மாணவர் ஒருவர் ஐந்து செடிகளை முழுக் குறிப்போடு, தன் சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்தால், ஒரு கல்லூரியால் சில ஆண்டுகளில் தன் மாவட்டத்தின் தாவரப் பட்டியலையே உருவாக்கிவிட முடியும். ஆசிரியர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மாதிரிகளை எங்கே கொடுப்பது?

கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். இலங்கையில் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் தேசிய ஹெர்பேரியம். முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டு, முழுதாகக் காய்ந்த மாதிரிகளை விவரச்சீட்டோடு கொண்டுபோங்கள். பெயர் தெரியாததைத் தெரியாதென்றே கொடுக்கலாம், அதில் குறையில்லை.

நான் எழுதிய பெயர் தவறென்று பின்னால் தெரிந்தால் அடித்துத் திருத்தலாமா?

அடிக்காதீர்கள். பழைய பெயர் அப்படியே இருக்கட்டும். புதிய பெயர், தீர்மானித்தவர் பெயர், ஆண்டு ஆகியவற்றைத் தனிச் சிறு சீட்டில் எழுதி, முதல் சீட்டுக்கு மேலே ஒட்டுங்கள். நூறாண்டுத் தாள்கள் சிலவற்றில் இப்படி நாலைந்து சீட்டுகள் ஏறியிருக்கும். ஒவ்வொருவரும் அந்தச் செடியை என்னவென்று கண்டார், எந்த ஆண்டில் கண்டார் என்று வரிசையாகப் படிக்கலாம்.